உள்பக்கம் திறக்கும் பை

பவுனு ஏப்ரனை இடுப்பில் கட்டிப் பார்த்தார். வலது பையில் போனைப் போட்டார். வலை போன்ற நெசவு வழியே போனின் சிவப்பு உறை பளிச்சென்று வெளியே தெரிந்தது.

"என்னடி இது? உள்ள இருக்கிறது அத்தனையும் தெரியுது?"

"அதுக்குத்தாம்மா. கேட்ல நிக்கிற செக்யூரிட்டி பையா இனிமே உள்ள கைவிட வேணாம். பாத்தாலே தெரிஞ்சிடும்."

பவுனு முடிச்சை அவிழ்த்தார்.

"அப்போ நான் திருடின்னு நீயே ஒத்துக்கிட்ட."

"ஐயோ, அப்படி இல்லம்மா…"

"வேற எப்படி? அவன் கைவிட்டுத் தேடுறான். நீ துணியிலயே ஜன்னல் வெச்சிக் குடுத்திருக்க. அவனுக்கு வேலை மிச்சம். அச்சா டிசைன்! எடுத்துனு போய் அவனுக்கே கட்டிவிடு."

ஏப்ரன் கட்டிலில் வந்து விழுந்தது. டெல்லி முனிர்காவின் அந்த ஒற்றை அறையில் எதை வீசினாலும் கட்டிலில்தான் விழும்.

மகள் கோமளா வடிவமைப்புக் கல்லூரியில் துணி வடிவமைப்பு படிக்கிறாள், கடைசி ஆண்டு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கான ஏப்ரன்தான் அவளுடைய இறுதிப் பணி. மதிப்பீட்டுக்குப் பதினோரு நாள் இருந்தது. தவறினால் ஓராண்டு மீண்டும் படிக்க வேண்டும். மீண்டும் படிப்பவர்களுக்கு உதவித்தொகை கிடையாது. அதாவது, தவறினால் படிப்பு அத்தோடு முடிந்தது.

பவுனு கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். வெளியே வரும்போது கேட்டில் காவலாளியிடம் பையைத் திறந்து காட்ட வேண்டும்; எல்லோருக்கும் அவன் 'பையா', இந்தியில் அண்ணன். யாராவது பழைய புடவை கொடுத்தால் அதற்கு அந்த வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். அதே கேட் வழியாகப் போகும் கார்களின் டிக்கியை எவரும் திறப்பதில்லை. திருட்டுப் பொருள் காரில் போகாது, வேலைக்காரியின் பையில்தான் போகும் என்பதை எந்த ஆராய்ச்சி கண்டுபிடித்ததோ தெரியவில்லை.

வலைப் பையைக் கல்லூரியில் எல்லோரும் கொண்டாடினார்கள். "ப்ரில்லியன்ட், கோமளா! யாரும் தொட வேண்டியதே இல்ல. எவ்ளோ டிக்னிட்டி!" என்றார் ஆசிரியை ஸ்ம்ருதி. லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் வளர்ந்த டெல்லித் தமிழர். அவருடைய தமிழில் பாதி ஆங்கிலம். பவுனு வேலை செய்யும் குடியிருப்பின் சங்கம்தான் இந்தப் பணிக்கு வாடிக்கையாளர்; அதன் தலைவர் வெங்கடேஸ்வரன் இன்னும் ஒரு படி மேலே போனார்: "நம்ம காம்ப்ளெக்ஸ்ல எல்லா மெய்டுக்கும் இதையே யூனிஃபார்மாக்கிடலாம்."

யார் என்ன கருத்துச் சொன்னாலும் மாணவர்கள் அதை நோட்டில் எழுத வேண்டும் என்பது கல்லூரி விதி. யார் சொன்னது, என்ன சொன்னார், அதற்கு நீ என்ன செய்தாய் என்று மூன்று கட்டங்கள். கோமளா முதல் கட்டத்தில் 'பவுனு, கட்டப்போகிறவர்' என்று எழுதினாள். இரண்டாவதில் 'நான் திருடி என்று நீயே ஒத்துக்கொண்டாய்' என்று எழுதினாள். மூன்றாவது கட்டம் இரண்டு நாள் காலியாகவே கிடந்தது.

பதினான்கு பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்திருந்தாள். என்ன நிறம், எவ்வளவு நீளம், எத்தனை பை என்றெல்லாம் கேட்டிருந்தாள். கேட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆறு வயதில் பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவள் அவள். கேட் அவளுக்கு டெல்லி வெயில் மாதிரி ஆகிவிட்டது. வெயிலுக்குக் குடை செய்வதுபோல் கேட்டுக்கு ஒரு துணி செய்திருக்கிறாள். ஆனால் வெயிலை யாரும் வைக்கவில்லை. கேட்டை மனிதர்கள் வைத்தார்கள். கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்திட்டு வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை கத்தரிக்கோலுடன் தறிக்கூடத்துக்குப் போனாள். அடுத்த ஏப்ரன்களுக்கான பாவு தறியில் விறைப்பாக நின்றது. அறுநூற்று நாற்பது நீள இழைகள், ஒவ்வொன்றும் வலை நெசவுக்கென்று கையால் கோர்த்தவை. வேறு நெசவு வேண்டுமென்றால் அறுத்துவிட்டு முதலிலிருந்து கோர்க்க வேண்டும்.

ஸ்ம்ருதி வாசலிலேயே நின்றுவிட்டார். "கோமளா! பைத்தியமா? ஒன்பது நாள்தான் இருக்கு. எல்லாரும் லைக் பண்ணதைப் போய் யாராவது மாத்துவாங்களா?"

"கட்டப்போறவங்களுக்குப் பிடிக்கல மேடம்."

"எல்லா ஃபீட்பேக்கையும் கேக்கணும்னு இல்ல."

"அதனாலதான் மேடம், அவங்களை மட்டும் கேக்கறேன்."

கத்தரி விழுந்த இடத்தில் இழைகள் படபடவென்று இரண்டு பக்கமும் சுருண்டு ஓடின. பாதி அறுத்ததும் நிறுத்தினாள். இனி ஒட்டவைக்கவும் முடியாது என்ற நினைப்பில் மீதியையும் அறுத்தாள்.

புதிய துணி கனமான இரட்டை அடுக்கு. இரண்டு அடுக்குக்கும் நடுவில் பை தறியிலேயே உருவாகும். தனியாகத் தைப்பது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பை இருப்பதே தெரியாது. அதன் வாய் உடம்பின் பக்கம் இருந்தது. கட்டியிருப்பவரின் கை மட்டும்தான் உள்ளே போகும்.

மதிப்பீட்டு நாளில் இரண்டு ஏப்ரன்களையும் மேசையில் வைத்தாள்.

வெங்கடேஸ்வரன் கனத்த துணியைப் புரட்டிப் பார்த்தார். "நெட் பாக்கெட் எங்கேம்மா? அதைச் சொல்லித்தானே கமிட்டில அப்ரூவல் வாங்கினேன்?"

கோமளா வலை ஏப்ரனை எடுத்து நீட்டினாள். "இதோ சார். இதைக் கட்டிக்கிட்டு, உங்க பேண்ட் பாக்கெட்ல இருக்கறது எல்லாத்தையும் இதுல போட்டுக்கிட்டு, காலேஜ் கேட் வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வர்றீங்களா?"

"நானா? நான் எதுக்கு?"

"யூசர் டெஸ்ட் சார்."

"என் பர்ஸு, என் மாத்திரை எல்லாம் போற வர்றவன் பாக்கணுமா? நான் என்ன…" அவரே நிறுத்திக்கொண்டார்.

நீட்டிய ஏப்ரனை மேசைப் பக்கம் தள்ளினார்.

"அது வேற, இது வேற," என்றார் பிறகு.

"எப்படி வேற, சார்?"

 ஸ்ம்ருதி நோட்டைத் திறந்து பவுனுவின் பெயர் இருந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமளா தேறினாள். தேறுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த மதிப்பெண் கிடைத்தது. 'வாடிக்கையாளரின் தேவை புறக்கணிக்கப்பட்டுள்ளது' என்று குறிப்பு எழுதினார்கள். யூனிஃபார்ம் திட்டத்திலிருந்து சங்கம் பின்வாங்கிவிட்டது. கோமளா அந்தக் குறிப்பையும் நோட்டில் எழுதி, மூன்றாவது கட்டத்தில் 'ஏற்கவில்லை' என்று போட்டாள்.

திங்கட்கிழமை பவுனு புது ஏப்ரனோடு வேலைக்குப் போனார். அம்மா அறைக்குத் திரும்பும்வரை கோமளாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"கை நீட்டுனான். பை வாய் எங்கன்னு தெரியல அவனுக்கு. தெறந்து காட்டுன்னான்."

"நீ?"

"பின்னால ஒரு கார் நின்னுது. பையா, மொதல்ல அதோட டிக்கியத் தெற, அப்புறம் நான் தெறக்கறேன்னேன். காரப் பாத்தான், என்னப் பாத்தான். ஜாவோ, ஜாவோன்னு அனுப்பிட்டான்."

"நாளைக்கும் அப்படியே விட்டுடுவானாம்மா? சங்கத்துல போய்ச் சொன்னா?"

"சொல்லட்டும். மூணு வீட்டுலயும் கூப்பிட்டுக் கேப்பாங்க. கேக்கட்டும்." பவுனு ஏப்ரனை அவிழ்த்து மகளிடம் நீட்டினார். இந்த முறை வீசவில்லை. "அதுக்குள்ள அடுத்ததுல இந்த எடது பைய ஆழமா நெய். குனிஞ்சா போன் வழுக்குது."

கோமளா நோட்டை எடுத்தாள்.