மீனுக்கு நாற்பது மணி நேரம்

வண்ண மீன் ஏற்றுமதி செய்யும் கொட்டகையில் பதினெட்டு வருஷமாகப் பை கட்டுகிறவளுக்கு ‘ஆக்சிஜன் அக்கா’ என்று பெயர். பாலித்தீன் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைத்து, முறுக்கி, ரப்பர் பாண்டு போட்டாளென்றால் பை கல்லு மாதிரி நிற்கும். அவள் விமானத்தில் ஏறியதே இல்லை.

ஒருநாள் முதலாளி கைப்பேசியும் கையுமாக வந்தார். பழைய முதலாளியின் மகன். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து அறுநூறு மீனுக்கு முதல் ஆர்டர்.

“பாத்துட்டேன் அக்கா. பதிமூவாயிரம் கிலோமீட்டர், பதினஞ்சு மணி நேரம். பைக்கு அம்பது மீன் போட்டுடுங்க.”

“அது பிளேனுக்கு ஆகுற நேரம், தம்பி. மீனுக்கு?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தன் நோட்டை எடுத்தாள். கொட்டகை வேனை ஓட்டுவது அவள் கணவர். பைகளை அடுக்கிய பெட்டியை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு ஓடிவராமல், அது விமானத்துக்குப் போகும்வரை நின்று நேரம் குறித்து வருவார். அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் எத்தனை மணிக்குப் பையைத் திறந்தார்கள் என்று செய்தி அனுப்பிக் கேட்பது கல்லூரியில் படிக்கும் மகள். இதுவரை போன ஆர்டர்களை வைத்து மூன்று பேருமாகச் சேர்த்த கணக்கு அது.

“வேன்ல ரெண்டு மணி. ஏர்போர்ட் கிடங்குல அஞ்சு. நடுவுல இறங்கி வேற பிளேன் மாறணும், அங்க எட்டு. போய் இறங்கினதும் பேப்பர் பாத்து விட ஆறு. நீங்க சொன்ன பதினஞ்சு. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு நாலு. நாப்பது ஆச்சா? முப்பது மீனுக்கு மேல ஒண்ணுகூடப் போட மாட்டேன்.”

“பெட்டி கூடிப்போகுமே, சரக்குக் கூலி ஏறிடுமே!”

“கூடட்டும். செத்த மீனை அனுப்புறதுக்கு நான் எதுக்கு?”

முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்; ஆனாலும் தடுக்கவில்லை. பைத் தண்ணீர் அழுக்காகாமலிருக்க இரண்டு நாள் இரை நிறுத்திய மீன்களை எண்ணி எண்ணிப் போட்டு, இருபது பை கட்டி அனுப்பினாள்.

மறுநாள் காலை தகவல் வந்தது. நடுவழி ஊரில் பனிமூட்டம். மாற வேண்டிய விமானம் கிளம்பவில்லை. அக்கா நாலு மணி நேரம்தானே கூட வைத்திருந்தாள்! மதியச் சாப்பாட்டைத் திறந்து பார்த்து மூடிவிட்டாள். அதற்கடுத்த நாள் முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அம்மா, நாப்பத்திமூணு மணி நேரம் கழிச்சுத்தான் திறந்திருக்காங்க. செத்தது பதினொண்ணுதான்!”

முதலாளி அக்காவின் நோட்டை எடுத்துப் புரட்டினார். “அம்பது போட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும் அக்கா. இனிமே நேரத்தை நீங்களே சொல்லுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்.”

அக்கா அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. “பதினொண்ணும் ஒரே பையிலயா, வேற வேற பையிலயா? கேளுடி.”

ஒரே பையில்தான். அப்படியென்றால் அந்தப் பையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்திருக்க வேண்டும். அக்கா புதுப் பைக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் காற்றடைத்துத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.