மேலே பார்த்த நாற்காலி

விமலன் பஸ் ஓட்டுகிறவன். தெலுக் பங்லிமா காராங்கில் பிஸ்கட் டின் செய்யும் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய நீல பஸ். அது வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒரு சம்மன்கூட வாங்கியதில்லை என்று பீற்றிக்கொள்வான். இரண்டு வாங்கியிருக்கிறான். கேட்பவர்களுக்கும் அது தெரியும், சொல்லிவிட்டுப் போகட்டும் பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

பஸ் ஓட்டுவது சம்பளத்துக்கு. அவன் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை படிக்கட்டில் இருந்தது. கிள்ளானில் அவன் குடியிருந்த பிளாட்டில் லிஃப்ட் கிடையாது, வீடோ நாலாவது மாடி. மனைவி தனலெட்சுமிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் வந்தால்தான் உயிர் தங்கும். முதலில் நடந்து இறங்கினாள். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அப்புறம் அதுவும் முடியவில்லை. ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, விமலனும் எதிர்வீட்டு ரெங்கசாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை இறக்கினார்கள்.

அதற்கும் ஒரு முறை இருந்தது. ரெங்கசாமி போர்ட் கிள்ளானில் மூட்டை இறக்கியவர், வயதாகியும் தோள் தளரவில்லை. அதனால் பாரம் விழும் கீழ்ப்பக்கம் அவருக்கு. இடுப்புவலிக்காரனான விமலன் மேல்படியில் நின்று நாற்காலியின் முன்கால்களைப் பிடித்துக்கொள்வான். தனம் கீழே பார்த்தபடி இறங்க மாட்டாள், தலை சுற்றும். மேலே பார்த்துத்தான் உட்காருவாள். ஆக, நாலு மாடியும் புருஷனும் பெண்டாட்டியும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும்.

"ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே எறங்குனா பயமில்லங்க," என்பாள் தனம். "சிரிப்புத்தான் வருது."

"சிரிச்சா நாற்காலி ஆடும். சும்மா இரு லா."

கொரோனா வந்தபோது அந்தப் படிக்கட்டின் அடியில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். இடைவெளி விடச் சொல்லும் மலாய்ச் சொல் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: பெஞ்சாராக்கான். மலாயில் ஜாராக் என்றால் தூரம், பெஞ்சாரா என்றால் சிறை. இந்தச் சொல்லை எப்படிப் பிரித்தாலும் பிரியும், இரண்டுக்கும் ஒரே எழுத்து. தனம் நாற்காலியில் இருந்தபடியே அதைப் படித்துவிட்டு, "தள்ளி நிக்கச் சொல்றானா, உள்ள தள்ளச் சொல்றானா?" என்று கேட்டாள். ரெங்கசாமிக்குச் சிரித்ததில் பிடி நழுவப் பார்த்தது.

அதெல்லாம் முதல் வருடத்துச் சிரிப்பு. இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூலையில் கிள்ளானில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்த பிளாக் என்று எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டார்கள். அந்த மாதம்தான் சிவநேசன் போய்ச் சேர்ந்தார்.

சிவநேசன், டயாலிசிஸ் நிலையத்தில் தனத்துக்கு அடுத்த இருக்கைக்காரர். ஓய்வுபெற்ற கிளார்க், சாதுவான மனுஷர். அவருடைய மகன் தொழிற்சாலையில் டெஸ்ட் எடுத்து, கிருமி இருப்பதாக வந்தது. கிழவருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரே வீடு. நிலையத்தில் தனி அறை கிடையாது, மற்ற நோயாளிகளையும் பார்க்க வேண்டும், கொஞ்ச நாளைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வாசல்வரைக்கும் கட்டில். முறை வருவதற்குள் அவருக்கு நெஞ்சில் நீர் ஏறிவிட்டது.

"ஆளு போன சூடு ஆறல, வேற ஆள உக்கார வச்சிட்டாங்க," என்றாள் தனம், அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும். "அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. வெளிய எத்தன பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

அன்றிலிருந்து விமலனுக்கு ஒரே பயம்தான். நோய் வந்துவிடுமோ என்பதல்ல. நிலையத்தில் தனத்தின் இருக்கை போய்விடுமோ என்பது. அது போனால் அவள் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில் ரெங்கசாமியின் சம்சாரம் புளித்த இறால் விழுதான பெலாச்சானைச் சுட்டாள். பெலாச்சான் சுட்டால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும். மாடி முழுக்க இருமல், தும்மல். மகள் புனிதா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். தனம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். விமலன் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். எல்லாரும் ஏன் இருமுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவனுக்கே உறைத்தது. மெதுவாக எழுந்துபோய் அடுப்படியில் தைலப் புட்டியைத் திறந்து மூக்கில் வைத்தான். காலிப் புட்டியை மோந்ததுபோல் இருந்தது.

திரும்பினால் புனிதா நிற்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் அவள். அவளிடம் மறைக்க முடியுமா? போய்க் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"எச்சில் துப்புனா போதும் ப்பா. இங்கேயே தெரிஞ்சிரும்."

"எதுக்கு? காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல."

"வாசம் தெரியுதா?"

"சளி."

"சளி எங்க?"

விமலன் அறைக் கதவைப் பார்த்தான். தனம் உள்ளே படுத்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சரி, துப்புறேன். ரெண்டு கோடு வருது. என்ன செய்வ?"

"கவர்ன்மெண்ட் ஆப்ல போடணும்."

"போட்டா ஒரே வீட்டு ஆளு எல்லாரும் க்ளோஸ் கான்டாக்ட். அம்மாவ எங்க கொண்டு போவ? சிவநேசன் போன எடத்துக்கா?"

புனிதா பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "டெஸ்ட் எடுக்கலன்னா கோடு வராது. கிருமி வராம இருக்குமா ப்பா?" என்றாள்.

"டெஸ்ட் எதுக்கு எடுக்குறாங்க? தள்ளி வைக்கத்தானே? நானே தள்ளிப் போயிடுறேன். பஸ்ல படுத்துக்குறேன். வீட்டுக்குள்ளயே வரல. போதுமா?"

"நாற்காலிய யாரு தூக்குறது?"

அங்கேதான் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. புனிதா ஒருமுறை தூக்கிப் பார்த்தவள்தான். பாதி வழியில் கை வழுக்கி, ரெங்கசாமி மட்டும் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கியிருக்காவிட்டால் தனம் உருண்டிருப்பாள். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றால், அந்த நேரத்தில் யார் வீட்டு வாசலுக்கு யார் வருவார்கள்? ஒரு மீட்டர் என்று அரசாங்கம் சொன்னதை ஜனங்கள் ஒரு மைலாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு மாஸ்க் போட்டுக்குறேன்," என்றான் விமலன். "எறக்கிவிட்டுட்டுப் பஸ்ஸுக்குப் போயிடுறேன். கொஞ்ச நாள்தான்."

"தப்பு ப்பா."

"தெரியும்மா."

தெரிந்தே செய்தான், அதுதான் கொடுமை. பஸ்ஸையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் முதலாளி காரணம் கேட்பான், காரணம் கேட்டால் டெஸ்ட் கேட்பான். ஆக, ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, வாயை மூடிக்கொண்டு ஓட்டினான். பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்கும் வீட்டில் அம்மா உண்டு, பெண்டாட்டி உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பான். இதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. அவனும் சொன்னதில்லை.

புனிதாவின் பெட்டி ஃப்ரிட்ஜின் மேல் அப்படியே கிடந்தது. பஸ்ஸில் படுப்பதற்குக் காரணமாக, தொழிற்சாலையில் யாருக்கோ சந்தேகமாம், முன்னெச்சரிக்கை என்று தனத்திடம் சொல்லி வைத்தான். அவள் போனில் கூப்பிட்டு, "பெஞ்சாரால பசியாறியாச்சா? சாப்பாடு எப்படி?" என்று கிண்டல் செய்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

டயாலிசிஸ் நாளில் மேலே ஏறிவருவான். இரண்டு முகக்கவசம், மேலே கண்ணாடித் தடுப்பு. முன்கால்களைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். மூச்சை அடக்கிப் பார்ப்பான். நாலு மாடியை எத்தனை மூச்சில் இறங்க முடியும்? ஒவ்வொரு திருப்பத்திலும் இரைத்தது.

"எதுக்குச் சுவத்தப் பாக்குறீங்க?"

"கால் பாத்து வைக்கிறேன்."

"காலு கீழதானே இருக்கு," என்றாள் தனம். அதற்குமேல் கேட்கவில்லை. அவன் முகம் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள்.

ரெங்கசாமிதான், "என்னப்பா விமலா, பிடி தளருது?" என்று கேட்டார். இடுப்பு என்றான். நல்ல மனுஷர், நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் நிலையத்தில் ஊசி போடும் மிஸ்ஸி ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது. உடனே நோயாளிகள் எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தார்கள். தனத்துக்கு இருந்தது. எந்த இருக்கையைக் காப்பாற்ற இத்தனை பொய் சொன்னானோ, அந்த இருக்கை ஒரு போன் அழைப்பில் போயிற்று. வீட்டிலேயே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள்.

ஆம்புலன்ஸ் லேசில் வரவில்லை. தனத்தின் கால் வீங்கியது, மூச்சு சத்தமாக வந்தது. விமலன் ஃப்ரிட்ஜின் மேலிருந்த பெட்டியை எடுத்துத் தானாகவே துப்பினான். இரண்டு கோடு. புனிதாவுக்கு ஒரு கோடு. மகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சாயங்காலம் வெள்ளை உடுப்பில் தலைமுதல் கால்வரை மூடிய இரண்டு பேர் மடக்கு நாற்காலியோடு ஏறிவந்தார்கள். விமலன் வாசலுக்கு வந்தான். ஒருவன் கையைக் காட்டி, "ஜாராக் அங்கிள், ஜாராக்," என்றான். விமலன் பின்னால் நகர்ந்தான். அவர்கள் தனத்தைப் பட்டையால் கட்டி, படிக்கட்டுக்கு நேராக, கீழே பார்த்தபடி திருப்பினார்கள். அவர்களுடைய முறை அது. அவர்கள்மேல் என்ன தப்பு?

"மேல பாத்து உக்கார வைங்க," என்று விமலன் கத்தினான். அவசரத்தில் தமிழில் கத்திவிட்டு, பிறகு மலாயில் கத்தினான். தலைக்கவசத்துக்குள் அவர்களுக்குக் கேட்டதோ என்னவோ. தனம் திரும்பிப் பார்க்கப் பார்த்தாள், பட்டை விடவில்லை. இரும்புக் கதவுக்குப் பின்னால் ரெங்கசாமி இருமிக்கொண்டே நின்றார். அவருக்கும் தொற்றியிருந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். நாலு மாடியும் நாற்காலி சுவரில் இடிக்கிற சத்தத்தை விமலன் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு தடவை பேசினாள். ஒரு மிஸ்ஸி மனமிரங்கித் தன் போனை அவள் காதில் வைத்திருந்தாள்.

"என்னங்க."

"தனம். மெஷின் போட்டாங்களா?"

"நாளைக்காம். முன்னாடி நெறைய பேரு." மூச்சு வாங்கினாள். "அன்னைக்குப் பெலாச்சான் சுட்டப்ப நீங்க இருமல. நான் பாத்தேன்."

"தெரிஞ்சா ஏன்டி நாற்காலில உக்காந்த?"

"எறங்கணுமே. வேற யாரு தூக்குவா." கொஞ்ச நேரம் வெறும் மூச்சுச் சத்தம். "எனக்குத் தெரியும்னு புனிதாகிட்ட சொல்லாதீங்க. அம்மா தெரிஞ்சே போய் உக்காந்தான்னா அவ தாங்க மாட்டா."

"சொல்லல."

அவன் வாக்குக் கொடுத்தது அவ்வளவுதான். நாளைக்கு என்று சொன்ன மெஷின் அவளுக்குக் கிடைக்கவில்லை. தகனம் யாருமில்லாமல் நடந்தது. விமலனும் மகளும் கையில் தனிமைப்படுத்தல் பட்டையோடு ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். வெளியே வரலாம் என்று அனுமதி வந்த அன்று புனிதா துணியை எடுத்து வைத்துக்கொண்டாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அறை பார்த்திருந்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஒரு துப்புத்தான் ப்பா கேட்டேன்," என்றாள். "மொதல்லயே தெரிஞ்சிருந்தா, சண்ட போட்டாவது, காலப் புடிச்சாவது எங்கயாச்சும் ஒரு மெஷின் வாங்கியிருப்போம். இல்ல, அம்மாவுக்கு வராமலே இருந்திருக்கும். நீங்க அம்மாவயும் ஏமாத்தி, என்னையும் வாய மூட வச்சிட்டீங்க."

ஏமாற்றவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். விமலன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இறங்கிப் போனாள்.

இப்போது தொழிற்சாலையில் பஸ் ஓட்டுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுத்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. மற்ற டிரைவர்கள் முணுமுணுக்கிறார்கள். விமலன் முதல் ஆளாகத் துப்புகிறான். எப்போதும் ஒரே கோடுதான். அதைப் படம்பிடித்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவான். யாரும் கேட்காமலே மகளுக்கும் அனுப்புவான். அவள் பார்த்துவிட்டதாகக் குறி விழும், பதில் வராது. சில நாள் அந்தப் படத்துக்குக் கீழே, 'அம்மாவுக்குத் தெரியும்மா' என்று தட்டுவான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, பஸ்ஸைக் கிளப்புவான்.