பதினொரு கிலோமீட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர். ஆசிரியர் வேலை கிடைத்து, அந்தத் தூரத்தைத் தாண்டி இந்தத் தெருவுக்குக் குடிவந்து நாற்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் குழாய்த் தண்ணீருக்காகத் தெருக்கூட்டம் நடந்தது. நானும் ஏதோ சொல்ல எழுந்தேன். எதிர்வீட்டுக்காரர் கையமர்த்தினார்.

"வில்லிபுத்தூர்க்காரருக்கு எங்க தெரு விஷயத்துல என்ன வேலை? வந்த ஆளு வந்த மாதிரி இரும், வாத்தியாரே."

கூட்டம் சிரித்தது. என் மனைவியும் அங்கே இருந்தாள். பிறகு இதே தெருவில் வீடு வாங்கினேன். அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் அந்தச் சிரிப்பு நினைவில் இருந்தது.

சிரித்தவர்களில் இன்று எவரும் இங்கே இல்லை. பிள்ளைகளோடு கோவை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். சிலர் செத்தும் போனார்கள். அவர்களுடைய வீடுகளை அறை அறையாகத் தடுத்து, நூற்பாலைக்கு வந்த ஒடிசாக்காரர்களுக்கும் கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். டீக்கடையில் பாதிப் பேச்சு இந்தி. பழைய ஆட்களில் மிச்சம் நானும் எதிர்வீட்டுக்காரரும்தான்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு பெண் வந்தார். தெருவில் யாரைக் கேட்டாலும் எதுவும் தெரியவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது; வீட்டுக்காரர் கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"எதிர்வீட்டு ஐயா எங்க சார்?"

"அவிய மக வீட்டோட போயிட்டாக. இனி வரமாட்டாக."

கேட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டேன். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

தேர்தலன்று வாக்குச்சாவடியில் எதிர்வீட்டுக்காரருடைய சத்தம் கேட்டது. பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"ஏலே, நான் பொறந்ததே இந்தத் தெருவுலதாம்லே!"

"பேரு இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது பெரியவரே. ஓரமா நில்லுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாற்பது வருடம் நான் காத்திருந்த சிரிப்பு அது. எனக்கு இனித்தது. அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாத்தியாரே, நீராவது சொல்லும்."

சொன்னேன். இவர் இந்தத் தெருக்காரர், எனக்கு நன்றாகத் தெரியும் என்று உரக்கவே சொன்னேன். அதனால் எதுவும் ஆகாது என்று தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் டீக்கடையில் என் தோளில் கைபோட்டு, தமிழ் பாதி புரிந்த ஒடிசாக்காரர்களிடம் அவர் சொன்னார்: "அம்புட்டுப் பேர்ல எனக்காகப் பேசுனது இவரு ஒருத்தருதான். எங்க தெருக்காரரு."

அவருடைய டீக்கும் சேர்த்து நானே காசு கொடுத்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகும் அவருக்கு எழுத்து தெரிவதில்லை. தினமும் காலையில் பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இதை எழுதி ஒரு வாரமாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.