தொகாஷியின் சுண்டுவிரல்

ஜப்பானில், அமகாசாகி ஊரில், என் சாப்பாட்டுக் கடைக்கு நேர் மேலே கமேகூரா குடும்பத்தின் அலுவலகம். குடும்பம் என்றால் பெற்று வளர்த்த குடும்பம் இல்லை. சடங்கு வைத்து, கோப்பையில் சாக்கே என்கிற அரிசி மது குடித்து, அப்பாவாகவும் மகனாகவும் அண்ணன் தம்பியாகவும் ஆனவர்கள். ஊர் இவர்களை யாகுசா, ரவுடிக் கும்பல் என்கிறது. ஒரு காலத்தில் இவர்கள் தெருவில் நடந்தால் கடைக்கதவுகள் சாத்திக்கொள்ளும். இப்போது மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் போய்க் கைகொடுக்கிறேன்.

இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி தொகாஷி. வயது அறுபத்தொன்று. அவருக்குப் பிறகு ஒருவரும் சேரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் விவரமானவர்கள், கூரியர் வண்டி ஓட்டப் போய்விட்டார்கள். அதனால் தேநீர் போடுவது, சாம்பல் கிண்ணம் கழுவுவது, குடும்பத் தலைவரான அப்பாவின் கார்க் கதவைத் திறந்துவிட்டுக் குனிந்து நிற்பது எல்லாம் இன்றைக்கும் தொகாஷி தலையில்தான். தனக்குக் கீழே ஒரு தம்பி வந்தால் தானும் அண்ணனாகலாம் என்று காத்திருந்தே தலை நரைத்துவிட்டது. முதுகு முழுக்க டிராகன் பச்சை குத்தியிருக்கிறார். அதற்கும் கூன் விழுந்துவிட்டது.

இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. முப்பது வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க் குடும்பத்தோடு கோப்பை மாற்றும் சடங்கு நடந்தது. படையலில் இரண்டு மீன்களை முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். தொகாஷி ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டார். உறவு முறிவதற்கு அறிகுறியாம். செத்த மீனுக்கு அவ்வளவு ரோஷம்! இவர்கள் வழக்கப்படி தொகாஷி விரலை வெட்டி, வெள்ளைத் துணியில் மடித்து, அப்பா முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்டார். மீனை எல்லோருமாக வறுத்துத் தின்றார்கள்.

அவருக்கு ஒரே மகள், சயோரி. அவள் பிறந்தபோது தொகாஷி சிறையில் இருந்தார். அவள் அம்மா செத்தபோது, அப்பாவின் பிறந்தநாள் விருந்தில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில் முகம் பார்க்காத பெண், போன இலையுதிர் காலத்தில் என் கடைக்கு வந்து, அவர் முன்னால் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். உள்ளே சிலிக்கானில் செய்த சுண்டுவிரல். நகம், ரேகை எல்லாம் அச்சு அசலாக இருந்தது.

"எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல நீங்க மீன் மார்க்கெட்ல வேலை பாக்குறதா சொல்லியிருக்கேன். இத மாட்டிட்டு வாங்க. இல்லன்னா வராதீங்க."

தொகாஷி அதற்குப் பவுடர் போட்டுத் துடைப்பதென்ன, மாட்டிக்கொண்டு என் கடையில் பீர் ஊற்றிப் பழகுவதென்ன! கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் மேசை மேசையாகப் போய் ஊற்ற வேண்டுமே, எல்லோர் கண்ணும் கையில்தானே இருக்கும். பழக்கம் முற்றி, ஒருநாள் அதை மாட்டியபடியே மேலே போய் அப்பாவுக்குத் தேநீர் நீட்டிவிட்டார். குழம்புச் சட்டியோடு நானும் அங்கேதான் நின்றேன்.

அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. காலையில் சாப்பிட்டது மதியம் மறந்துவிடும். தொகாஷியின் கையையே பார்த்தார்.

"ஏன்டா, அன்னைக்கு மீனத் திருப்பி வெச்சவன் நீதானே? அதுக்கு இன்னும் விரல் குடுக்கலையா நீ?"

மீன் ஞாபகம் இருக்கிறது, வாங்கிய விரல் ஞாபகம் இல்லை. 'குடுத்தாச்சுப்பா, மறந்துட்டீங்க' என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். அப்பாவுக்கு மறதி என்று சொல்வது அப்பாவை அவமதிப்பது. அதற்கும் தண்டனை ஒரு விரல். ஆகவே வீராதி வீரர்களான அண்ணன்மார் நால்வரும் கூரையை ஆராய்ந்தார்கள்.

மூத்த அண்ணன் முராசே தொண்டையைக் கனைத்தார். "அப்பா சொல்லிட்டாருல்ல. நாளைக்குள்ள முடிச்சிருடா."

கீழே வந்து தொகாஷி உட்கார்ந்தார். "மோதிர விரல வெட்டணும் போலக்கா."

"மூளையையும் அன்னைக்கே வெட்டிக் குடுத்துட்டியா? கட்டுப் போட்ட கையோட கல்யாணத்துல நிப்பியா? அந்த ரப்பர் விரலத் துணியில சுத்திக் குடு. கிழவனுக்குக் கண்ணே தெரியாது" என்றேன்.

மறுநாள் அப்படியே கொடுத்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முராசே துணியை விரித்து அமுக்கிப் பார்த்தார். விரல் வளைந்து நிமிர்ந்தது. அதைப் பூஜை மாடத்தில் வைத்துக் கும்பிட்டார்.

தொகாஷி என் கடைத் தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டார். இந்தத் தொழிலில் இருப்பவருக்குச் சொந்தப் பெயரில் கைபேசி தரமாட்டார்கள்.

"சயோரி, அந்த விரல... அப்பாகிட்ட குடுத்துட்டேம்மா."

அவள் குரல் சட்டி கொதிக்கிற சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. "நான் பொறந்த நாளையும் அவங்களுக்குத்தான் குடுத்தீங்க. அம்மா செத்த நாளையும் அவங்களுக்குத்தான் குடுத்தீங்க. நான் வாங்கின விரலும் அவங்களுக்குத்தானா?"

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். தொகாஷி ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார். யோசனை சொன்னவள் நான் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

கல்யாணத்தன்று காலையில் தொகாஷி இரவல் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு மாடியேறினார். சட்டி இல்லாமலே நானும் பின்னால் ஏறினேன்.

"அப்பா, என் விரலத் திருப்பிக் குடுங்க."

முராசே எழுந்துவிட்டார். "குடுத்தத திருப்பிக் கேக்குறியா? அதுக்கு என்ன வெட்டணும் தெரியுமாடா?"

"தெரியும்ண்ணா. அண்ணன்னு கூப்பிடுறது இதான் கடைசி."

பொட்டலத்தைப் பிரித்து அப்பாவின் முன்னால் வைத்தார். இருபது வயதில் சடங்கில் குடித்த கோப்பை. அதைத் திருப்பிக் கொடுத்தால் உறவு அறுந்தது, அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. நாற்பது வருடத்தை வைத்துவிட்டு நின்றார். பெரியவர் கோப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருப்பா நீ?"

"சயோரியோட அப்பா."

மாடத்திலிருந்து விரலைத் தானே எடுத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. நாங்கள் படியிறங்கும்போது, இனிமேல் தேநீர் யார் போடுவது என்று மேலே சண்டை தொடங்கியிருந்தது.

கல்யாண மண்டபத்தில் நான் மீன் மார்க்கெட் முதலாளியம்மா. வாசலில் சயோரி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். ஐந்து விரல் இருந்தது. ரயிலில் அவசரமாக மாட்டியதில் சுண்டுவிரலின் நகம் உள்ளங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்குள், அவள் அவர் கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்து, விரலை மெல்லத் திருப்பி நேராக வைத்தாள்.

"அன்னைக்கு மீனு, இன்னைக்கு விரலா? ஒண்ணையாவது ஒழுங்கா வைக்கத் தெரியுதாப்பா உங்களுக்கு?" என்றாள். பிடித்த கையை விடவில்லை.