வெளிநாட்டு விறகு

எங்கள் நியூஜெர்சியின் ஹாக்கன்சாக் ஆற்றங்கரையில் டியூனிஸைப் போல முன்கோபி கிடையாது. இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துப் போரிட்டவன். போர் முடிந்ததும் பக்கத்து மாநிலமான நியூயார்க்குக்குப் படகில் விறகு கொண்டுபோய் விற்றான். ஒருநாள் அங்கே துறையில் அவனை மறித்தார்கள்.

"நியூஜெர்சிப் படகா? வெளிநாட்டுச் சரக்கு. வரி கட்டு."

மறித்தவன் யோஸ்ட். போரில் குண்டடிபட்டுக் கிடந்தவனைத் தோளில் சுமந்து காப்பாற்றியதே டியூனிஸ்தான்.

"உன்னத் தூக்கிட்டு ஓடினப்ப, எந்த நாட்டுச் சரக்குன்னு கேட்டேனாடா?"

யோஸ்ட் தலைகுனிந்தான், வரியை மட்டும் விடவில்லை.

எல்லா மாநிலங்களுக்கும் மேலே ஒரே அரசு, மாநிலத்துக்கு மாநிலம் வரி கிடையாது என்று புதிய அரசியல் சட்டம் வந்தபோது, சாராயக்கடையில் எல்லோரும் பயந்தார்கள். "இன்னொரு ராஜா முளைச்சிடுவான்ப்பா!"

டியூனிஸ் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தான்.

"முளைக்கட்டுமே. ராஜாவக் கடலுக்கு அந்தப்பக்கம் துரத்தினோம். பங்காளிய எங்கடா துரத்துறது?"