நெகட்டிவ் இல்லாத படம்

நேற்று திருப்பூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் ஒருவனிடம், "அந்தப் போட்டோவ அழி, என் கண்ணு முன்னாடியே அழி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு ராஜபாளையத்து ஸ்டுடியோவும் அப்பாவின் வியர்வை நாற்றமும் நினைவுக்கு வந்தன.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டிருந்தேன். அக்கா நூல் மில்லில் வேலை பார்த்தாள். மில் ஆயுத பூஜையன்று, உடன் வேலை செய்யும் பையன் ஒருவனோடு அவள் நின்றதை ஸ்டுடியோக்காரர் படம் எடுத்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். சுந்தரபாண்டியத்து மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் அவளுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுவிடும். அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினார்.

"நெகட்டிவக் குடு."

"இது புது கேமரா அண்ணாச்சி. ஃபிலிமே கிடையாது. எல்லாம் இந்த பிளாப்பிக்குள்ள இருக்கு."

"ஏலே, யாருட்ட கதை விடுத? ஃபிலிம் இல்லாம போட்டோவா?"

ஸ்டுடியோக்காரர் கேமராவிலிருந்து சதுரத் தகடு போன்ற பிளாப்பியை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். அது கரகரவென்று சுற்றியது. திரையில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் நெற்றி, பிறகு அக்காவின் சிரிப்பு. அப்பா வாசலைப் பார்த்தார்.

"அழி."

ஒரு பட்டனைத் தட்டியதும் திரை காலியானது.

"நெசமாவே போயிருச்சா? வேற எங்கயும் வச்சிருக்கியா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி."

நெகட்டிவ் என்றால் அப்பா கொளுத்திச் சாம்பலைப் பார்த்திருப்பார். பிளாப்பியைப் பிடுங்கி வந்து அடுப்பில் போட்டார். வீடெல்லாம் பிளாஸ்டிக் நாறியது. அப்படியும் தாலி கட்டும்வரை அவர் சரியாகத் தூங்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு."

வாளியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் எப்படிடா இருந்தோம்?"