தபால்காரி பாவ்ஜு குறித்த வீடுகள்

தைவானின் கீலுங் துறைமுக நகரில் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவர் யென் பாவ்ஜு. ஓய்வுபெற்ற பிறகு சமூகக் கல்லூரியின் கணினி வகுப்பில் சேர்ந்தார். பக்கத்து இருக்கை எனக்கு. துறைமுகத்துக்கு எதிரே மீன் உருண்டைக் கடை வைத்திருக்கும் நான் கடை விளம்பரத்துக்காகச் சேர்ந்தவள்.

இணையத்தில் வரைபடம் செய்யும் பாடம் வந்தது. நாங்களெல்லாம் பிடித்த சாப்பாட்டுக் கடைகளைக் குறித்தோம். பாவ்ஜு மட்டும் மலைச்சாலை ஒன்றைப் பெரிதாக்கி, வெறும் தார் மேல் ஒரு குறியை வைத்து 'ஹோங் சலூன்' என்று எழுதினார்.

"அக்கா, அங்க ரோடுதானே இருக்கு?"

"இப்ப ரோடு. முன்னாடி எம்பது வீடு. தொண்ணூத்தேழுல இடிச்சுட்டாங்க. ஸ்கூட்டர் ஏறாது, தினம் இருநூத்திப் பதினாலு படி நடந்துதான் ஏறணும்."

மழையில் தபால் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏறிய கதையைச் சொன்னார். லுவோ வீட்டு அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கப்பலில் போன கணவரின் கடிதத்தைப் பாவ்ஜுவே வாசலில் நின்று படித்துக் காட்டுவாராம். "கடைசி வரிய மட்டும் ரெண்டு தடவ படிக்கச் சொல்லும். ரெண்டாவது தடவ முகத்தத் திருப்பிக்கும்."

குறிகள் கூடக்கூடச் சிக்கல் வந்தது. பன்னிரண்டு படி மேலே இருந்த வீடு, திரையில் கீழ் வீட்டின் தலையிலேயே உட்கார்ந்தது.

ஆசிரியர் வந்து பார்த்தார். "வரைபடத்துக்கு ஏத்தம் இறக்கம் தெரியாதும்மா. இடது பக்கம் 'லேயர் சேர்'னு இருக்கு பாருங்க. தனித்தனி அடுக்காப் போடுங்க. வேணுங்கறப்ப ஒண்ண மறைச்சு இன்னொண்ணப் பாக்கலாம்."

கீழ்ப்படி, நடுப்படி, மேல்படி என்று மூன்று அடுக்கு. மூன்று வாரத்தில் முடித்து, பழைய வீட்டுக்காரர்களின் செல்போன் குழுவுக்கு இணைப்பை அனுப்பினார். 'பார்க்கலாம்' என்பதற்குப் பதில் 'திருத்தலாம்' என்பதை அழுத்தியிருந்தது தெரியவில்லை. அடுத்த வகுப்பில் திறந்தபோது மேல்படியே இல்லை. இருபத்தாறு வீடுகள் அழிந்திருந்தன. பாவ்ஜு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அன்று மாலையே சலூன் ஹோங்கிடமிருந்து போன் வந்தது. எண்பத்து நான்கு வயது.

"பாவ்ஜு, என் கடை படிக்கு வலது பக்கம்ல. அந்தக் குறிய நகர்த்தப் பாத்தேன். ஏதோ குப்பைத்தொட்டிப் படத்துல விரல் பட்டுருச்சு."

"ஊருக்கே மொட்டை அடிச்சவரு, என் மேல்படியையும் சேத்து அடிச்சுட்டீங்களா?" என்றார் பாவ்ஜு. இருவரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேர் என் கடையில் கூடினார்கள். இம்முறை மவுஸ் பாவ்ஜுவின் கையை விட்டு நகரவில்லை. லுவோ அம்மாவின் மகள், தன் தாய் வழக்கமாக உட்கார்ந்திருந்த சன்னலையும் குறிப்பில் எழுதச் சொன்னாள். கிணறு எந்தப் பக்கம் என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது.

மதியம் எண்ணிப் பார்த்தால் மேல்படியில் முப்பத்தொரு வீடுகள்.

"அஞ்சு கூட வருதே" என்றார் பாவ்ஜு.

"குப்பை பொறுக்கற ஜோவ் வீடு, கப்பல்ல மூட்டை தூக்கின ட்சாய் வீடு..." ஹோங் விரல் விட்டுச் சொன்னார். "அவங்களுக்கு யாரு லெட்டர் போட்டா? உனக்கெப்படித் தெரியும்?"

பாவ்ஜுவின் கை மவுஸின் மேல் நின்றுவிட்டது. "தினமும் அந்த வாசலத் தாண்டித்தான் போயிருக்கேன்" என்றார் மெதுவாக.

ட்சாய் இப்போது பாடூவில் தனியாக இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் என்னிடம் மீன் உருண்டை வாங்கிக்கொண்டு பாவ்ஜு ரயிலேறிப் போனார். கதவைத் திறந்த கிழவர், "யாரு? என்ன வேணும்?" என்று கேட்டாராம்.

"மேல்படியில உங்க வீடு எங்க இருந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

அவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, பென்சில் தேடினாராம்.